ஆங்கிலத்தில் விலங்கின் ஆண்பெயரும் பெண்பெயரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணப் பாடநூல்களில் ஒரு பக்கம் உண்டு. நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆண்பால், வலப்பக்கம் பெண்பால். 'புல்' என்றால் 'கௌ', 'காக்' என்றால் 'ஹென்', 'டிரேக்' என்றால் 'டக்', 'கேண்டர்' என்றால் 'கூஸ்' என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். தமிழகத்துப் பள்ளியில் பயின்றவருள் இப்பட்டியலைக் கடக்காமல் மேல்வகுப்பிற்குச் சென்றவர் அரியர். (காளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது, மேய்கின்ற மாடும் மேயப்படும் புல்லும் ஒன்றாகிவிடுகின்றன, பாடம் எழுதும் பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கை.)

இப்படி 'டிரேக்' என்னும் சொல்லை நெட்டுருச் செய்த மாணவனை அறுவடை முடிந்த வயலோரம் நிறுத்தி, மேயும் வாத்துக் கூட்டத்தில் ஆண் எது என்று கேட்டால் விழிப்பான். வாத்து மேய்ப்பவரோ எழுத்தறியாதவராயினும், வாலின் மேல் சுருண்டு நிற்கும் இறகைக் காட்டுவார். உரத்துக் கத்துவது பெட்டை, கரகரத்த மெல்லிய குரலுடையது ஆண் என்பார். சொல் ஒருவரிடமும் பொருள் மற்றொருவரிடமும் தங்கிவிட்ட நிலை இது. அச்சொற்கள் பிறந்தபோது இப்படி இல்லை. அவற்றைப் படைத்தவர் இலக்கண ஆசிரியர் அல்லர். ஆயரும் உழவரும் வேட்டுவரும் பறவை பழக்குவோரும் ஆவர்.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என மூன்று பாலுள் ஒன்று உண்டு. அது பொருளின் பால் அன்று, சொல்லின் பால். பெண்ணைக் குறித்த 'வீஃப்' என்னும் சொல் அங்கே அலிப்பால். அதே பெண்ணைக் குறித்த 'வீஃப்மன்' ஆண்பால். இன்றைய 'வுமன்' என்பதன் முன்னோர் இச்சொல்லே என்பது நகைப்பிற்குரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி இம்முறை நொறுங்கிப் பதினான்காம் நூற்றாண்டிற்குள் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. அதன்பின் ஒரு விலங்கின் பாலை உணர்த்த ஆங்கிலத்திற்கு எஞ்சியவை இரண்டே: ஒன்று, 'ஹி', 'ஷி' என்னும் பதிலிப் பெயர்கள், மற்றொன்று, தனித்தனிப் பெயர்ச்சொற்கள்.

தமிழின் நிலை இதனோடு ஒருபுடை ஒத்தது. களிறும் வந்தது, பிடியும் வந்தது. அஃறிணையில் வினைமுற்று எண்ணைக் காட்டுமேயன்றி ஆண் பெண் வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே அவ்வேறுபாட்டைச் சுமக்கும் பொறுப்பு முழுவதும் பெயர்ச்சொல்லின் தோளில் ஏறுகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், விலங்கின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் விரித்துரைப்பதன் தேவை இதுவே. ஆங்கிலப் பாடநூலின் பட்டியலுக்கும் மரபியலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மரபியல் எந்தச் சொல் எந்த விலங்கிற்கு ஏற்கும், எதற்கு ஏலாது என்று வழக்கைக் கண்டு எல்லை வகுக்கிறது. பாடநூலோ சொல்லுக்குச் சொல் எதிர்நிறுத்தி விட்டுவிடுகிறது.

அந்தக் கோடு மறைக்கும் செய்தி ஒன்றைக் காண்போம். பாடநூலில் இரண்டு பத்திகளே உண்டு. ஆனால் ஆங்கில நாட்டு உழவனின் தொழுவத்தில் மூன்று வகை நின்றன. ஆண், பெண், காயடிக்கப்பட்டது. இனப்பெருக்கத்திற்கு விடப்பட்ட காளை 'புல்'; காயடித்து இறைச்சிக்கு வளர்த்தது 'ஸ்டீர்'; காயடித்து ஏரிலும் வண்டியிலும் பழக்கியது 'ஆக்ஸ்'. கன்று ஈனாத இளம் பசு 'ஹெஃபர்'; ஈன்றபின் அது 'கௌ'. குதிரையில் ஆண் 'ஸ்டாலியன்', பெண் 'மேர்', காயடித்தது 'கெல்டிங்'. இளையவற்றுள் ஆண் 'கோல்ட்', பெண் 'ஃபில்லி'. ஆட்டில் காயடித்த கிடாய் 'வெதர்'. மந்தைக்கு முன்னே செல்லும் வெதரின் கழுத்தில் மணி கட்டுவர். 'பெல்வெதர்' என்னும் அச்சொல்லே இன்று பங்குச் சந்தையின் போக்கை முன்கூட்டிக் காட்டும் நிறுவனத்தைக் குறிக்க வழங்குகிறது. பன்றியில் 'பாரோ', சேவலில் 'கேப்பன்' என இவ்வரிசை நீளும். இவை பால் காட்டும் சொற்கள் என்பதைவிட விலை காட்டும் சொற்கள் என்பதே பொருந்தும். நம் மாட்டுச் சந்தையிலும் கிடேரிக் கன்றுக்கு ஒரு விலை, காளைக் கன்றுக்கு வேறு விலை. ஆனால் தமிழில் குறியீடு மறுதலையாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. ஆங்கிலம் காயடித்ததற்குத் தனிப்பெயர் தந்தது. தமிழ் உழவர் காயடிக்காததற்கு அடைமொழி தந்து 'பொலிகாளை' என்றனர்.

'மேர்' என்னும் சொல்லின் கதை தனியே சொல்லத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் குதிரைக்கு 'மெயர்ஹ்' என்றொரு ஆண்பாற் பெயர் இருந்தது. அதன் பெண்பால் வடிவமே 'மேர்'. ஆண்பெயர் இறந்துபட்டது; பெண்பெயர் பிழைத்தது. இறந்த அச்சொல்லின் செர்மானிய இனச்சொல் ஒன்று குதிரைக்காரன் என்று பொருள்தரும் தொடரினுள் ஒளிந்துகொண்டு, பிரெஞ்சு வழியாகச் சுற்றி, 'மார்ஷல்' என்னும் பெரும்படைத் தலைவர் பட்டமாக ஆங்கிலத்திற்குத் திரும்பி வந்தது. தீக்கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்பதிலுள்ள 'மேர்' குதிரையன்று. உறங்குவோர் மார்பின்மேல் அமர்ந்து அழுத்தும் பேயின் பெயர் அது. 'இரவுப் பெண்குதிரை' என்று பெயர்க்கத் துணியும் மொழிபெயர்ப்பாளர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

தொழுவத்தை விட்டுக் காட்டிற்குச் சென்றால் சொற்களின் இயல்பு மாறுகிறது. 'டியர்' என்பது இன்று மான். பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கையும் குறித்த பொதுச்சொல். வடமொழியில் 'மிருகம்' மானையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். வேட்டையாடிய மாந்தர்க்கு விலங்கு என்றால் முதலில் நினைவிற்கு வருவது மான் போலும். அந்த மானுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் வியப்பூட்டுவன. செம்மானின் ஆண் 'ஹார்ட்' அல்லது 'ஸ்டேக்', பெண் 'ஹைண்ட்'. புள்ளிமானை ஒத்த 'ஃபாலோ' என்னும் வகையில் ஆண் 'பக்', பெண் 'டோ'. இவற்றோடு நிற்கவில்லை. ஆண்மானுக்கு ஆண்டுதோறும் ஒரு பெயர். ஃபாலோ மானில் இரண்டாம் ஆண்டில் அது 'பிரிக்கெட்', மூன்றாம் ஆண்டில் 'சோரல்', நான்காம் ஆண்டில் 'சோர்', ஐந்தாம் ஆண்டில் 'முதல் தலையின் பக்'. கொம்பு கிளைத்து வளரும் படிநிலைகளையே இப்பெயர்கள் குறித்தன. பெண்மானுக்கு இத்தகைய வரிசை வளரவில்லை. அதற்குக் கொம்பு இல்லை, ஆகையால் வேட்டைக்காரன் பெருமை கொள்ளவும் ஒன்றும் இல்லை.

இச்சொற்கள் வெறும் அறிவிற்காக வழங்கப்பட்டவை அல்ல. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய அரசன் வில்லியம், மானைக் கொல்வோரின் கண்களைப் பறிக்குமாறு சட்டம் வகுத்தான் என்று அக்கால ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. அக்குறிப்பில் 'ஹார்ட்', 'ஹைண்ட்' என ஆணும் பெண்ணும் தனித்தனியே பெயர் பெறுகின்றன. பெயர் அறியாமை அங்கே நகைப்பிற்குரிய குறை மட்டுமன்று. பிற்காலத்தில் வேட்டைச் சொற்களைப் பிழையின்றிக் கூறுவது உயர்குடிப் பிறப்பின் அடையாளமாயிற்று. 1486-இல் புனித ஆல்பன்ஸ் நகரில் அச்சான ஒரு நூல் பருந்து வளர்ப்பு, வேட்டை, குலச்சின்னம் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. அதன் வேட்டைப் பகுதி ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்மணியின் பெயரில் வழங்குவது குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் அச்சேறிய நூல்களுள் பெண்பெயர் தாங்கிய மிகப் பழையனவற்றுள் அது ஒன்று. அது கூறுவதோ வேட்டைக் கலை.

இச்சொற்பெருமையை ஷேக்ஸ்பியர் எள்ளி நகையாடிய இடம் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தின் நான்காம் அங்கத்தில் உள்ளது. இளவரசி ஒரு மானை எய்து வீழ்த்திவிட்டாள். கோயில் குருவானவர் அதனை ஐந்தாம் ஆண்டுக் கலைமான் என்கிறார். ஆசிரியர் ஹாலஃபர்னிஸ் இலத்தீனில், தமக்கு நம்பிக்கையில்லை என்று மறுக்கிறார். அருகில் நிற்கும் காவலன் டல், பெயருக்கேற்ற மந்தமதியன். இலத்தீன் தொடரை ஏதோ ஒரு மானின் பெயரென்று செவிகொண்டு, அது அதுவன்று, 'பிரிக்கெட்' என்று அடித்துக் கூறுகிறான். ஆசிரியர் அவனுடைய அறியாமையை நெடுநேரம் பழிக்கிறார். ஆனால் இறுதியில் அம்மான்மேல் தாம் பாடும் கவிதையில், அறியாதார் மனம் மகிழட்டும் என்று சொல்லிக்கொண்டு, காவலனின் 'பிரிக்கெட்' என்னும் சொல்லையே வைத்துப் பாடுகிறார். வயலோரத்து வாத்து மேய்ப்பவரின் உறவினன் இந்த டல் என்று கொள்வதில் தவறில்லை. ஆசிரியத் தொழில் செய்வோர் இக்காட்சியை ஆண்டிற்கொருமுறை படித்தல் நன்று.

பறவை வேட்டையில் நிலைமை தலைகீழ். வல்லூறு இனத்தில் பெண்ணே உருவில் பெரியது. வேட்டைக்கும் அதுவே சிறந்தது. ஆதலால் பருந்து பழக்குவோர் வழக்கில் 'ஃபால்கன்' என்னும் பெயர் பெண்ணுக்கே உரியதாயிற்று. ஆணுக்குக் கிடைத்த பெயர் 'டர்சல்'. மூன்றில் ஒன்று என்னும் இலத்தீன் அடிச்சொல்லின் வழிவந்தது. ஆண் மூன்றிலொரு பங்கு சிறியது என்பதால் இப்பெயர் என்பர். மூன்றாவது முட்டையிலிருந்தே ஆண் பிறக்கும் என்னும் நம்பிக்கையால் வந்தது என்று கூறுவாரும் உளர். இதனை அறிந்தால் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் மாடக்காட்சியில் ஓர் உவமை துலங்கும். பிரிந்து செல்லும் ரோமியோவைத் திரும்ப அழைக்கப் பருந்து பழக்குவோனின் குரல் தனக்கு வேண்டும் என்று ஜூலியட் ஏங்குகிறாள். ரோமியோவை அவள் 'டர்சல்' என்றே குறிக்கிறாள். பறந்து திரிவது ஆண்; அதனைக் கைம்மேல் அமர்த்தக் கருதுவது பெண். தமிழில் 'பருந்து' என்று பெயர்த்தால் உவமையின் பாதி உதிர்ந்துபோகும். 'ஆண்பருந்து' என்றாலோ வலிமையின் சாயல் ஏறி, மூலத்திற்கு மாறாகிவிடும்.

ஆணும் பெண்ணும் அடங்கிய இனம் முழுமைக்கும் எப்பெயர் பொதுப்பெயராகும் என்பதும் ஆராயத்தக்கது. ஆண்பெயரே பொதுவாகும் என்று எண்ணுவது இயல்பு; 'டாக்' அவ்வாறே ஆயிற்று. ஆனால் பண்ணை விலங்குகளில் வேறு வழக்கம் காணப்படுகிறது. 'கோட்' என்னும் ஆட்டுப்பெயர் பழைய ஆங்கிலத்தில் பெட்டையாட்டை மட்டுமே குறித்தது. ஆணுக்கு 'புக்கா' என வேறு பெயர். பால் தருவதும் குட்டி ஈனுவதும் பெட்டையாதலின் அதன் பெயர் இனத்திற்கே பரவிற்று. பரவிய பின்னர், பெட்டையைத் தனித்துச் சுட்ட 'ஷி-கோட்' என்று கூட்டிச் சொல்லும் தேவை வந்தது. தன் பெயரை இனத்திற்குக் கொடுத்துவிட்டுத் தனக்கென ஒரு பெயரை மீண்டும் தேடிக்கொண்டது அது. வாத்துக்கு 'டக்', பெருவாத்துக்கு 'கூஸ்' எனப் பெண்பெயரே பொதுவாக நிற்பதும் இவ்வகை. பேச்சு வழக்கில் காளையும் பசுவும் கலந்த மந்தையைக் 'கௌஸ்' என்று ஆங்கிலேயர் சுட்டுவதும் அவ்வாறே.

'கூஸ்', 'கேண்டர்' இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஒன்றில் மூக்கொலி தேய்ந்தது; மற்றொன்றில் நிலைத்தது. வடமொழி 'ஹம்சம்' என்பதும் அவற்றின் நெருங்கிய உறவே. கவிஞர்கள் நடைக்கும் தூதுக்கும் தூய்மைக்கும் உவமை கூறும் அப்பறவையின் ஆங்கில உடன்பிறப்பு, அங்கே அறிவிலியைக் குறிக்கும் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது.

பெயர் தவறினால் அறிவே தவறும் என்பதற்குத் தேனீ சான்று. கூட்டில் பெரிதாயிருக்கும் ஒற்றைத் தேனீயை அரிஸ்டாட்டில் காலந்தொட்டு 'அரசன்' என்றே அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலும் தேனீக்களுக்கு அரசனே உண்டு. ஆள்வது ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்னும் எண்ணம் கண்ணை மறைத்தது. ஸ்பெயின் நாட்டு மெந்தெஸ் தெ தொர்ரெஸ் என்பவர் 1586-இல் அது முட்டையிடும் பெண் என்று எழுதினார். இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் என்னும் கிராமக் குருவானவர் 1609-இல் வெளியிட்ட தேனீ நூலுக்குப் 'பெண் முடியரசு' என்று பொருள்படவே பெயர் சூட்டினார். எலிசபெத் அரசி நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்டு மறைந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பின்னர் டச்சு அறிஞர் ஸ்வாமர்டாம் அதன் உடலை அறுத்து, நுண்ணோக்கியின் துணையால் சூலகத்தைக் கண்டு வரைந்தார். அதுவரை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு, நாள்தோறும் கூட்டைத் திறந்து பார்த்தவர்களுட் பலருக்கும் ஒரு தாய் அரசனாகவே தோன்றினாள்.

இனி, இச்சொற்கள் விலங்கை விட்டு மனிதர்மேல் ஏறும் இடம். இங்கேதான் பட்டியலின் வலப்பக்கம் கனக்கிறது. பெண்நரியைக் குறிக்கும் 'விக்ஸன்' மொழிநூலார் போற்றும் சொல். 'ஃபாக்ஸ்' என்பதனோடு பழைய பெண்பால் விகுதி சேர, உயிரொலி திரிந்து பிறந்தது. தென் இங்கிலாந்து வட்டார வழக்கால் முதலெழுத்தும் குழைந்தது. அந்த விகுதி கொண்ட பெண்பாற் சொல் பொது வழக்கில் இஃதொன்றே எஞ்சியது என்பர். ஆயினும் இப்பழம்பொருள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து சண்டைக்காரப் பெண்ணைப் பழிக்கப் பயன்பட்டது. பெண்நாயைக் குறிக்கும் 'பிட்ச்' பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வசையாகிவிட்டது. பாடநூலாசிரியர் பலர் அச்சொல்லைப் பட்டியலினின்று நீக்கி, நாய்க்குப் பெண்ணே இல்லாமற் செய்துவிட்டனர். 'கௌ' பருத்த பெண்ணுக்கு வசை. 'ஹென்' கொத்தினால் கணவன் அடிமை. மறுபுறம் 'புல்', 'ஸ்டாலியன்', 'பக்' ஆகியன ஆடவரின் வலிமையைப் புகழ்வன. ஆண்பெயர்களிலும் 'கேப்பன்' கோழையைக் குறிக்கும் வசை. அதுவோ ஆண்மை நீக்கப்பட்ட பறவை. இங்கும் பழிக்கப்படுவது எது என்பதை விளக்க வேண்டியதில்லை. 'காக்' என்னும் சொல் இழிபொருள் ஏற்றதால் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கர் சேவலுக்கு 'ரூஸ்டர்', அதாவது தூங்குகொம்பில் அமர்வது, என்று புதுப்பெயர் கண்டனர். பெண்பெயர் வசையானபோது எவரும் புதுப்பெயர் தேட முற்படவில்லை.

தமிழைப் பற்றி இவ்விடத்தில் பெருமிதம் கொள்ள விரைவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். 'பெட்டை' என்பதும் அதன் திரிபும் தமிழகத்துத் தெருக்களில் ஆணையும் பெண்ணையும் இழிக்கும் வசையாக வழங்குவதை மறுக்க இயலாது. யாழ்ப்பாணத் தமிழிலோ 'பெட்டை' என்பது வீட்டுப் பெண்பிள்ளையை இயல்பாகவும் அன்போடும் குறிக்கும் சொல். ஒரே சொல், ஒரே மொழி, கடல் ஒன்று குறுக்கிடும் அளவில் பொருள் இவ்வளவு வேறாகிறது. எனவே இழிவு சொல்லில் இல்லை, வழங்குவோர் வாயில் உள்ளது. இன்னும் வியப்பான ஒன்றை மரபியல் காட்டுகிறது. பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்கு உரிய பெயர் 'பாட்டி' என்கிறது அந்நூல். ஆங்கிலத்தில் பெண்நாய்க்கும் பெண்நரிக்கும் உரிய இரு பெயர்களும் பெண்களை ஏசும் சொற்களாயின. தமிழில் அவ்விரண்டிற்கும் பொதுவான பெயரின் ஒலி இன்று எந்தக் குழந்தை வாயிலும் தாயின் தாயை அழைக்கும் அன்பு விளி. அவ்வாறே ஆட்டுக் கிடாய்க்குரிய பெயர்களுள் ஒன்றாக 'அப்பர்' இருக்கிறது. பெட்டையாட்டின் பெயர்களுள் ஒன்று 'கடமை'. இன்றைய மேடைப் பேச்சாளர் 'கடமை' என்று முழங்கும்போது மரபியல் கற்றவர் புன்னகை புரிந்தால் குற்றம் சொல்வதற்கில்லை.

மரபியலின் ஆசிரியருக்கும் ஆண் பெண் பற்றிய முன்முடிவுகள் இல்லாமல் இல்லை. சிறகுடைய எல்லாவற்றின் ஆணுக்கும் 'சேவல்' என்னும் பெயரை அளிக்கும் அந்நூல், தோகை மயிலுக்கு மட்டும் அதனை மறுக்கிறது. ஆண்மயில் பெண்போன்ற சாயலுடையதாதலின் அவ்வாறு விலக்கப்பட்டது என்று உரைகாரர் பேராசிரியர் காரணம் காட்டுகிறார். அழகாயிருந்த குற்றத்திற்காகப் பறவை ஒன்று தன் ஆண்பெயரை இழந்தது!

ஆங்கிலேயர் தம் தீவை விட்டு வெளியேறி, முன்பின் கண்டிராத விலங்குகளைக் கண்டபோது என்ன செய்தனர்? தொழுவத்துச் சொற்களையே கையோடு கொண்டுசென்றனர். திமிங்கிலத்தில் ஆண் 'புல்', பெண் 'கௌ', இளையது 'காஃப்'. யானைக்கும் அவையே. சிங்கத்தின் பெயரையும் பெண்பால் விகுதியையும் பிரெஞ்சிலிருந்து கடன்பெற்று 'லயனஸ்' என்றனர். புலிக்கும் அவ்விகுதியே உதவிற்று. ஆஸ்திரேலியாவில் குடியேறியோர் மட்டும் சற்றுத் துணிந்து, கங்காருவின் ஆணை 'பூமர்' என்றும் பெண்ணை 'ஃபிளையர்' என்றும் குட்டியை 'ஜோயி' என்றும் அழைத்தனர். புதிய விலங்கோடு நெருங்கி வாழ்ந்தவர்க்குப் புதிய சொல் வாய்த்தது.

யானையோடு நெருங்கி வாழ்ந்தது தமிழ். ஆணுக்குக் 'களிறு', பெண்ணுக்குப் 'பிடி'. களிறு என்பது பன்றியின் ஆணுக்கும் ஒருவாறு இயைவதாக மரபியல் இசைகிறது. பிடியோ யானைக்கே உரியது, பிற விலங்கிற்கு ஆகாது. இதன் அருமை மொழிபெயர்க்கும்போதுதான் தெரியும். தலைவியின் நடைக்குப் பிடியை உவமிப்பது தமிழ்க் கவிதையின் பழைய மரபு. அவசரமின்மை, அமைதி, பெருமிதம் ஆகியன அவ்வொரு சொல்லில் அடங்கும். இதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் என்ன எழுதுவார்? 'கௌ எலிஃபென்ட்' என்றால் தலைவியின்மேல் பசுவும் யானையும் சேர்ந்து ஏறிக்கொள்கின்றன. ஆங்கில வாசகருக்கு அது புகழ்ச்சியாகாது, பகடியாகும். 'ஷி-எலிஃபென்ட்' என்பதும் காதுக்கு இனிதன்று. ஒருவர் 'ஃபீமேல் எலிஃபென்ட்' என்று எழுதினால் அது விலங்கியல் குறிப்பாகிவிடும். பெரும்பாலோர் பாலை விட்டுவிட்டு யானை என்று மட்டும் எழுதித் தப்பிக்கின்றனர். ஆங்கிலத்தில் உள்ள 'பிரிக்கெட்'டும் 'டர்சல்'லும் தமிழில் இல்லை. தமிழில் உள்ள பிடியும் நாகும் ஆங்கிலத்தில் இல்லை. நாகு என்பது இளம் பசுவையும் எருமையையும் மரையையும் குறிப்பதோடு நில்லாமல், நீர்வாழ் நத்தைக்கும் உரிமை பெறுவது. 'ஹெஃபர்' அவ்வளவு தூரம் செல்லாது. ஒன்று வளமானது, மற்றது வறியது என்று தீர்ப்புக் கூறுவதற்கு இதில் இடமில்லை. எங்கே எவ்வுயிரோடு மக்கள் வாழ்ந்தனரோ அங்கே அவ்வுயிருக்குப் பெயர்.

வாழ்ந்தனர் என்று இறந்தகாலத்தில் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஏழு வயதுச் சிறாருக்கான ஆக்ஸ்ஃபோர்டு சிறுவர் அகராதியின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் இயற்கை பற்றிய சொற்கள் பல நீக்கப்பட்டிருந்தன. இக்காலச் சிறுவர் வழக்கில் அவை இல்லை என்பது பதிப்பாளர் கூறிய காரணம். அவற்றிற்கு மாறாக 'பிராட்பேண்ட்', 'பிளாக்' போன்றவை இடம்பெற்றன. நீக்கப்பட்டவற்றுள் மீன்கொத்தி, வானம்பாடி, நீர்நாய் ஆகியவற்றின் பெயர்களுக்காகவே பலரும் வருந்தினர். மார்கரெட் அட்வுட் உள்ளிட்ட எழுத்தாளர் இருபத்தெட்டுப் பேர் 2015-இல் பதிப்பகத்திற்குத் திறந்த மடல் எழுதினர். 2017-இல் ராபர்ட் மக்ஃபார்லேன் அத்தகைய சொற்களுக்கென்றே ஓவியர் ஜாக்கி மாரிஸின் ஓவியங்களோடு ஒரு கவிதை நூல் படைத்தார். ஆனால் நீக்கப்பட்ட பட்டியலைக் கூர்ந்து படிப்பவர் கண்ணில் வேறொரு வரிசையும் படும்: 'ஆக்ஸ்', 'புல்லக்', 'போர்', 'கோல்ட்', 'டோ', 'டிரேக்'. ஆணென்றும் பெண்ணென்றும் காயடித்ததென்றும் வேறுபடுத்திக் கண்ட கண்களின் சொற்கள் அவை. பொதுப்பெயரான 'டக்' அகராதியில் தங்கிற்று. சுருண்ட இறகுடையதன் பெயர் போயிற்று.

தமிழில் அவ்வாறு நீக்குவதற்கு எவரும் கூடி முடிவெடுக்கவில்லை. மரபியல் கூறும் ஆண்பெயர் பதினைந்தில் உதளும் மோத்தையும் கண்டியும் ஒருவர் வாயிலும் இல்லை. பெண்பெயர் பதின்மூன்றில் மூடும் அளகும் அகராதியில் மட்டும் வாழ்கின்றன. மந்தி, ஆண்குரங்கையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயராகப் பலர் வாயில் திரிந்துவிட்டது. கடுவன், பூனையின் ஆணாக வீட்டு முற்றங்களில் இன்னும் உலவுகிறது. களிறும் பிடியும் கவிதையில் இருக்கின்றன. ஆயினும் அண்மைக்காலத் தொகுதிகளில் 'ஆண் யானை', 'பெண் யானை' என்று எழுதும் கவிஞர்கள் பெருகி வருகின்றனர். நாளிதழ்களில் அவ்வாறு எழுதுவது செய்தியாளர்க்கு எளிது. கவிஞர்க்கும் அதுவே எளிதாகிவிட்டதா என்பதை இந்த அவையிலுள்ள கவிஞர்களே கூறவேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி கைவிட்ட 'டிரேக்' மட்டும் அழியாது போலும். தமிழகத்து இலக்கணப் பாடநூலில், நடுக்கோட்டின் இடப்பக்கத்தில், அது இன்னும் பத்திரமாக இருக்கிறது. வரும் ஆண்டும் பிள்ளைகள் அதனை ஒப்பிப்பர். வயலோரத்தில் வாத்து மேய்ப்பவரும் நின்றுகொண்டிருப்பார்.